இரண்டாம் ஷிப்ட் சங்கு

அந்தத் தலையணை உறைக்குப் பட்டனே கிடையாது. சின்னவள் தூங்கி எழுந்தபோது ஐந்து பட்டன்கள் இருந்தன. ஒரே வரிசை, நூல் துருத்தவில்லை. அவளுடைய தையல்தான். சட்டைக் கம்பெனியிலிருந்து நிறுத்தியபின் அவள் ஊசியைத் தொட்டதே இல்லை.

கம்பி பின்னிய கையுறையை முதலில் மாட்டிக்கொண்டவள் அவள்தான். அங்கே சூப்பர்வைசராக இருந்த அவளுடைய சொந்த அக்காதான் கெஞ்சினாள். “நம்ம வீட்டுப் பொண்ணு போட்டாத்தான்டி மத்தவங்களும் போடுவாங்க. உங்க கைவலி குறையத்தான் இது.”

கையுறைகள் அவள் கை தைக்கும் விதத்தைக் கற்றுக்கொண்டன. நான்கு இழுப்பு, ஒரு சுற்று, முடிச்சு. கடைசியில் நூலை அவள் பல்லால் கடிப்பாள். அதை மட்டும் அவற்றால் கற்க முடியவில்லை. பிறகு அதே தையலைப் போடும் மெஷின்கள் வந்தன, தைத்தவர்களை நிறுத்தினார்கள். அவளோடு வேலை பார்த்தவர்கள் கேட்டுக்கு வெளியே அவளைப் பார்த்துக் காறித் துப்பினார்கள். மெஷின் சட்டையே வேண்டாம் என்று முதலில் தெருவே கத்தியது. இப்போது கடைக்காரர் அதைப் போட்டுக்கொண்டு பட்டனை இழுத்து இழுத்துக் காட்டுகிறார். “பாரும்மா, பிய்யவே மாட்டேங்குது! மனுஷக் கை இப்படித் தைக்குமா?”

மழை இருட்டிக்கொண்டு வந்த சாயங்காலம், தகரத்தில் சொட்டுகள் ஒன்றையொன்று துரத்த, தலைமுடியில் மெஷின் எண்ணெய் வாசனையோடு அக்கா வந்து, சிறுவயதிலிருந்தே செய்வதுபோல் அவள் மடியில் தலைவைத்துப் படுத்தாள்.

“அக்கா, என் கை தானா அசையுது. ஷிப்ட் நேரத்துல மட்டும்.”

“சும்மா இருக்கிற கை அப்படித்தான். எனக்குக் குடு, பாத்திரமாவது தேய்க்கட்டும்.”

“ஆளை நிறுத்தப் போறாங்கன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“சத்தியமாத் தெரியாதுடி.”

மழை வலுத்தது. பாதித் தூக்கத்தில் அக்காவின் வாய் குழறியது. “நீ கையுறை போட்டா என் வேலை நிலைக்கும்னாங்க... வேற யாரு என்னை நம்பிப் போடுவா, சொல்லு?”

தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

தூரத்தில் சங்கு ஊதியது. இரண்டாம் ஷிப்ட்.

சின்னவளின் வலது கை எழுந்தது. அவள் எழுப்பவில்லை. அவளுடைய சட்டைக் காலரில் குத்தியிருந்த ஊசியை உருவியது. அங்கே அது எப்போது வந்தது? நூல்கூடக் கோத்திருந்தது.

“அக்கா, எழுந்திரு.” குரல் காற்றாகத்தான் வந்தது.

இடது கை அக்காவின் உதடுகளைச் சேர்த்துப் பிடித்தது. துணி விலகாமல் பிடிப்பதுபோல.

ஊசி இறங்கியது.

அக்காவின் கண்கள் திறந்தன. அவள் நகங்கள் சின்னவளின் முழங்கையைக் கிழித்தன. கை நிற்கவில்லை. நான்கு இழுப்பு. ஒரு சுற்று. முடிச்சு.

அடுத்தது. அதற்கடுத்தது.

பிறகு இரண்டு கைகளும் செத்ததுபோல் விழுந்தன. விரல் அசையவில்லை. நூல் மட்டும் தொங்கியது, ஊசியோடு.

அக்கா அவளையே பார்த்தாள்.

சின்னவள் மெல்லக் குனிந்து, நூலைப் பல்லால் கடித்தாள்.