கஸ்டர்டுக்குப் புது எஞ்சின்

கஸ்டர்டுக்கு மேடு என்றாலே ஆகாது.

கஸ்டர்ட் என்பது கெரென்சா வீட்டு வேனின் பெயர். அம்மா பிறப்பதற்கு முன்பே செய்த வேன் அது. உள்ளே படுக்கை, அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாம் உண்டு. எஞ்சின் மட்டும் முன்னால் இருக்காது, பின்னால் இருக்கும். நிறம் ஆறிப்போன கஸ்டர்ட் மாதிரி வெளிர்மஞ்சளாக இருக்கும்.

அவர்கள் இருந்த, இங்கிலாந்தின் தென்கோடிக் கார்ன்வால் பக்கத்தில் மேடு இல்லாத சாலையே கிடையாது. ஒவ்வொரு மேட்டிலும் கெரென்சாவும் தம்பி ஜோரியும் இறங்கி நடப்பார்கள். பெரும்பாலும் அவர்கள்தான் வேனுக்கு முன்னால் மேலே போய்ச் சேருவார்கள். "நேத்து உங்க வேனை ஒரு ஆடு முந்திப் போச்சு" என்று வகுப்பில் ஒரு பையன் சொன்னான். அது பொய்யாக இருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம்.

அப்பா மீன்பிடிப் படகில் போனால் வாரக்கணக்கில் வர மாட்டார். அம்மா தாம்சின், துறைமுகப் பட்டறையில் படகு எஞ்சின் பார்க்கும் மெக்கானிக். குளிர்காலம் முடியும்போது அவள் ஒரு முடிவுக்கு வந்தாள்.

"இந்த எஞ்சினோட மல்லுக்கட்டினது போதும். பின்பக்கம் இடிபட்டு நொறுங்கின ஒரு காரோட எஞ்சின், முன்னால இருந்ததால அடிபடாம நல்லா இருக்கு. அது கிடைச்சிருக்கு. அதை நம்ம வேன்ல ஏத்தப் போறேன்."

"அப்ப மேடு ஏறுமா?" என்று கேட்டாள் கெரென்சா.

"ஏறும்."

"ஸ்காட்லாந்து வரைக்கும் போகுமா?"

அம்மாவுக்கு அந்தக் கேள்வி எங்கே போகிறது என்று தெரியும். கெரென்சாவின் உயிர்த்தோழி இஷ்பெல் போன வருடம் ஸ்காட்லாந்துக்குக் குடிபோய்விட்டாள். அவள் போன நாளிலிருந்து பள்ளிப் பேருந்தில் கெரென்சாவின் பக்கத்து இருக்கை காலிதான்.

"இந்தப் பக்கத்துலயே செங்குத்தான கேரோ மேட்டைச் சுமையோட ஏறிட்டா, மே மாச லீவுக்கு இஷ்பெல் வீட்டுக்குப் போறோம். போதுமா?"

கெரென்சாவுக்கு அது தாராளமாகப் போதும்.

ஒரே ஆள் சம்மதிக்க வேண்டியிருந்தது. அம்மாவின் அண்ணன் பெட்ராக் மாமா. கஸ்டர்டை அம்மாவும் அவரும் இளவயதில் சேர்ந்து வாங்கினார்கள். அதனால் அதன் விஷயத்தில் அவருக்கும் பாதிச் சொல் உண்டு. அவரிடம் இதே மாதிரி பச்சை நிறத்தில் இன்னொரு வேன் இருந்தது.

"தண்ணியா? எஞ்சினுக்குத் தண்ணியா?" என்று கேட்டார் மாமா, புது எஞ்சினைத் தண்ணீர் ஓடவிட்டுத்தான் குளிர வைக்க வேண்டும் என்று தெரிந்ததும். யாரோ சூப்பில் சர்க்கரை போட்டதுபோல இருந்தது அவர் முகம். "இந்த வண்டி பொறந்ததிலேருந்து காத்துலயே குளிர்ந்துட்டு இருக்கு. காத்து கொதிக்குமா? காத்து ஒழுகுமா? தண்ணி ஊத்தினா அது வேன் இல்ல, டீ போடற கெட்டில்."

"உன் வேன்ல போனா குளிர்ல பல்லு தந்தியடிக்குது. இதுல ஹீட்டர் வரும்."

"குளிருக்குத்தான் கம்பளிச் சட்டை இருக்கே."

கடைசியில் ஒரு உடன்பாடு ஏற்பட்டது. புது எஞ்சின் கேரோ மேட்டைக் கொதிக்காமல் ஏறினால் அது இருக்கட்டும். கொதித்தால் பழைய எஞ்சினே திரும்ப வரும். அதுவரை பழையதைத் தார்ப்பாய் போட்டு மாமா தன் கொட்டகையில் வைத்துக்கொண்டார்.

"ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். கெட்டில் எதிர்ல வந்தா நான் கை காட்ட மாட்டேன்" என்றார் அவர்.

பழைய வேன் வைத்திருப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எதிரே இன்னொரு பழைய வேன் வந்தால், தெரிந்தவரோ தெரியாதவரோ, கையைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் போவார்கள். மாமா கை காட்ட மாட்டேன் என்றால் அவருக்கு மெய்யாகவே கோபம் என்று அர்த்தம்.

ஆனாலும் அவரை விட்டால் வேறு ஆள் இல்லை. அம்மாவுக்கு எஞ்சின் அத்துப்படி. வயரிங் என்றால் ஒதுங்கிவிடுவாள். மாமாவுக்கு வயரிங் தண்ணீர் பட்ட பாடு. கூப்பிட்டபோது "இதோ வர்றேன்" என்றார். கார்ன்வாலில் 'இதோ' என்றால் இன்றைக்கும் இருக்கலாம், அடுத்த மாதமும் இருக்கலாம். அதிசயமாக மறுநாளே வந்துவிட்டார்.

எஞ்சின் பின்னால் உட்கார்ந்தது. அதைக் குளிர வைக்கும் தண்ணீர் தரைக்கு அடியில் நீளமான குழாய்களில் ஓடி வேனின் முகத்துக்கு வரும். அங்கே இருக்கும் ரேடியேட்டரில் காற்று பட்டு அது ஆறும். காற்று உள்ளே வர, அம்மா கஸ்டர்டின் முகத்தில் ஒரு வலைக்கதவு வெட்டினாள். சூடு ஏறினால் ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரு மின்விசிறி தானாகச் சுற்றும். பழைய சாமான் கடையில் வாங்கிய விசிறி அது; வயர்களின் நிறமே வெளுத்துப்போயிருந்தது. மாமா முணுமுணுத்துக்கொண்டே அதற்கு இணைப்புக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சோதனை. சுமைக்காகத் தண்ணீர்க் கேன்கள், உருளைக்கிழங்கு மூட்டை, முன்சீட்டில் மாமா. பின்னால் கெரென்சாவும் ஜோரியும் இறைச்சியும் கிழங்கும் அடைத்த சூடான பாஸ்டி ஆளுக்கு ஒன்றோடு உட்கார்ந்தார்கள்.

கீழே தட்டையான சாலையில் கஸ்டர்ட் பறந்தது. "கார் மாதிரி போகுது" என்றான் ஜோரி.

கேரோ மேடு தொடங்கியது. பாதி ஏறுவதற்குள் சூடு காட்டும் முள் மேலே நகர்ந்தது. முன்னால் விசிறி உறுமத் தொடங்கியது. முள் இறங்கவில்லை. முன்பைவிட வேகமாக ஏறியது. அம்மா பேசாமல் ஓரம் கட்டினாள். பின்னால் எஞ்சின் மூடியின் இடுக்கில் ஆவி வந்தது.

"பாலும் சர்க்கரையும் கொண்டு வந்திருக்கீங்களா?" என்று கேட்டார் மாமா. "கெட்டில் ரெடி."

"வாயை மூடிட்டு இறங்கி வந்து பாரு."

இரண்டு பேரும் பின்னால் ஓடினார்கள். பழைய வேன்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். வண்டியில் கொட்டாவி கேட்டால்கூடப் பின்னால்தான் ஓடுவார்கள். எஞ்சின் அங்கேதானே இருக்கிறது. ஜோரியும் வேடிக்கை பார்க்கப் பின்னால் போனான்.

கடற்காற்று சில்லென்று வீசியது. கெரென்சா முன்னால் வந்து நின்றாள். கஸ்டர்டின் வலைக்கதவிலிருந்து கதகதப்பான காற்று வந்துகொண்டிருந்தது. இரண்டு கைகளையும் நீட்டிக் குளிர்காய்ந்தாள். சுகமாக இருந்தது. ஸ்காட்லாந்து கைநழுவிப் போகிறதே என்று நினைத்தாள். கை சூடாக இருந்தும் அழுகை வந்தது.

ஆறவிட்டுத் திரும்பினார்கள். எஞ்சின் சூட்டைக் குறைக்க, வழியெல்லாம் அம்மா ஹீட்டரை முழுதாகத் திறந்து வைத்தாள். வீடு வந்து சேர்வதற்குள் எல்லோரும் வேர்வையில் நனைந்துவிட்டார்கள்.

"ஹீட்டர் நல்லா வேலை செய்யுது" என்றார் மாமா, சட்டையைப் பிழிந்துகொண்டே.

அன்று மாலை குழாய்களில் எங்காவது காற்று அடைத்திருக்குமோ என்று அம்மா திருகைத் திறந்து பார்த்தாள். குளிர்காலத் தொடக்கத்தில் வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டர்களில் செய்வதுதான். காற்று இல்லை. தண்ணீர்தான் வந்தது.

"வேணும்னே ஏதாவது பண்ணிட்டியா?" என்று அம்மா கேட்டுவிட்டாள்.

மாமாவின் முகம் சிவந்தது. "நானா? என் தங்கச்சி வண்டியையா?" என்றார். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு அவர், "சனிக்கிழமை பழைய எஞ்சினை எடுத்துட்டு வர்றேன். பேசினபடி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

புதன்கிழமை பள்ளிவிட்டு வரும்போது, பேருந்து நடுவழியில் நின்றது. அந்தப் பக்கத்துச் சந்துகளில் ஒரு வண்டிதான் போகலாம், இருபுறமும் வேலிப்புதர். எதிரே ஒரு டிராக்டர். யாராவது ஒருவர் பின்வாங்க வேண்டும். பேருந்து ஓட்டுநருக்கு மனமில்லை. டிராக்டர்காரருக்கும் இல்லை. இரண்டு எஞ்சினும் உறுமின. யாரும் ஒரு அடி நகரவில்லை.

கெரென்சா அலுப்போடு பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று தன் கைகளைப் பார்த்தாள்.

வேன் முன்னால் போகிறது. காற்று வெளியிலிருந்து உள்ளே வர வேண்டும். ஆனால் அன்றைக்கு அவள் கையில் பட்ட காற்று உள்ளேயிருந்து வெளியே வந்தது. அப்படியானால் வலைக்கதவில் டிராக்டரும் பேருந்தும் மாதிரி இரண்டு காற்றும் முட்டிக்கொண்டு நிற்கின்றன.

வீட்டில் சைக்கிளை எடுத்துக்கொண்டு, அம்மாவிடம் சொல்லத்தான் முதலில் பட்டறைக்கு விரைந்தாள். பட்டறை வாசலில் நின்று யோசித்தாள். விசிறியை இணைத்தது மாமா. அம்மா உடனே போன் போட்டு, "எல்லாம் உன்னாலதான்" என்பாள். மாமா, "நான் வேணும்னு பண்ணேன்னுதானே சொல்ற?" என்பார். அப்புறம் கிறிஸ்துமஸ் வரைக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. கெரென்சா சைக்கிளைத் திருப்பிக்கொண்டு மாமாவின் கொட்டகைக்குப் போனாள்.

மாமா பழைய எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒரு சந்தேகம். இந்த எஞ்சின்ல ஃபேன் எந்தப் பக்கம் காத்தை அடிக்கும்?"

"எஞ்சின் மேல அடிக்கும். சூடா இருக்கற பொருள் மேல காத்து அடிச்சாதானே ஆறும்? சூப்பை ஊதற மாதிரி."

"கஸ்டர்ட்லயும் அப்படித்தான் மாட்டினீங்களா?"

"பின்ன? ரெண்டு வயரையும் மாத்தி மாத்தி வச்சுப் பார்த்து, ரேடியேட்டர் மேல நல்லா அடிக்கற மாதிரி வச்சேன். ஏன்?"

"அம்மா வேலைக்குப் போயிருக்காங்க. கொஞ்சம் வந்து பாருங்களேன் மாமா."

"இதோ" என்றார். ஆனால் கையைத் துடைத்துக்கொண்டு அப்போதே கிளம்பினார்.

கஸ்டர்டின் முன்னால் நின்று மாமா விசிறியை மட்டும் ஓடவிட்டார். கெரென்சா தன் கைக்குட்டையை வலைக்கதவுக்கு நேரே பிடித்தாள். அது ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டவில்லை. படபடத்துக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ரோஜாச் செடியில் போய் விழுந்தது.

"ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னால இருக்குல்ல மாமா. அது வெளிய ஊதுது. வண்டி போறப்ப எதிர்க்காத்து உள்ள வருது."

மாமா கைக்குட்டையைப் பார்த்தார். விசிறியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"இழுக்கணும்" என்றார் மெதுவாக. "இது ஊதக் கூடாது. காத்தை உள்ள இழுக்கணும்."

"ஆமா மாமா."

"உங்கம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"ஏன்?"

"வயரை மாத்தத் தெரிஞ்சவர் நீங்கதானே."

மாமா தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு குனிந்து வயர்களைக் கழற்றி மாற்றி இணைத்தார். இப்போது கைக்குட்டை வலைக்கதவில் பச்சக் என்று ஒட்டிக்கொண்டது. கெரென்சா இழுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

சனிக்கிழமை மாமா வந்தார். பழைய எஞ்சின் வரவில்லை. உருளைக்கிழங்கு மூட்டைதான் வந்தது.

"இன்னொரு தடவை ஏறிப் பார்க்கலாம்" என்றார்.

அம்மா அவரைச் சந்தேகமாகப் பார்த்தாள். இருந்தாலும் சாவியை எடுத்தாள்.

கேரோ மேட்டின் பாதியில் முள் கொஞ்சம் ஏறியது. விசிறி உறுமியது. கெரென்சா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். முள் தயங்கியது, நின்றது, பிறகு மெல்ல இறங்கியது. கஸ்டர்ட் ஒரு ஆட்டையும் இரண்டு சைக்கிள்காரர்களையும் முந்திக்கொண்டு உச்சிக்குப் போய் நின்றது. ஜோரி இறங்கி நடக்கவே இல்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

"என்ன பண்ணின?" என்று அம்மா மாமாவைக் கேட்டாள்.

மாமா கெரென்சாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் ஜன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொல்லப்போவதில்லை என்று அவருக்குத் தெரிந்தது.

"ஃபேனைத் தலைகீழா மாட்டியிருந்தேன், தாம்சின். காத்துல குளிர்ற எஞ்சினைப் பார்த்தே பழகின புத்தி. கண்டுபிடிச்சது உன் பொண்ணு."

அம்மா திட்டுவாள் என்று கெரென்சா காத்திருந்தாள். அம்மா ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரித்தாள்.

"நானும்தான் பார்க்கல. படகு எஞ்சினுக்குக் கடல்தண்ணியே போதும். நான் ஃபேனை எங்க கண்டேன்?" சிரிப்பு அடங்கியதும், "அன்னிக்கு உன்னை அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுண்ணா" என்றாள்.

"விடு" என்றார் மாமா. "ஆனா அது இன்னமும் கெட்டில்தான்."

மே மாத விடுமுறையின் முதல் நாள் காலையில் கஸ்டர்ட் ஸ்காட்லாந்துக்குக் கிளம்பியது. கெரென்சா முன்சீட்டில். இஷ்பெலுக்கு எடுத்துப் போகும் பாஸ்டிகள் அவள் மடியில் இருந்தன. ஊரைத் தாண்டுவதற்குள் ஒரு சந்தில் அம்மா பிரேக் போட்டாள். எதிரே ஒரு பச்சை வேன், மூக்கோடு மூக்காக நின்றது.

"உங்க மாமாதான். இன்னிக்கு முழுக்க இங்கயே நிக்க வேண்டியதுதான்" என்றாள் அம்மா.

ஆனால் பச்சை வேன் பின்வாங்கியது. சந்து அகலமாக இருக்கும் இடம் வரை போய் ஒதுங்கி நின்றது. கஸ்டர்ட் அதைக் கடக்கும்போது மாமா கண்ணாடியை இறக்கி, யாருக்கும் தெரியாமல் போகக் கூடாது என்பதுபோல, கையை முழுதாக வெளியே நீட்டிக் காட்டினார்.