காலி அறையிலிருந்து வந்த பதில்

மருத்துவமனையின் அடித்தளத்தில், பழைய கட்டில்களை அடுக்கி வைத்திருந்த அறையைத் தாண்டிப் போனால் காது பரிசோதனைப் பிரிவு. ஒரு கையில் மடிக்கணினிப் பையும் மறு கையில் வயர் நிறைந்த கூடையுமாக மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாமன் அங்கே போய்ச் சேர்ந்தான். அலுவலகங்களில் கணினி பழுது பார்ப்பது அவன் பிழைப்பு. இன்று வந்தது பிழைப்புக்காக அல்ல, தங்கை மகளுக்காக.

வாண்டுக்கு மூன்று வயது. கூப்பிட்டால் திரும்புவதில்லை. எவ்வளவு கேட்கிறது என்று வரைபடம் போட்டுக் காட்டினால்தான் காதுக் கருவி தருவார்கள். கருவி பொருத்தும் டாக்டர் எப்போதாவதுதான் இந்தப் பக்கம் வருவார்; நாளைக் காலை வருகிறார். வரைபடம் போடும் கணினியோ செத்துக் கிடந்தது.

"ஓசியில கிடைக்கற சிஸ்டம்னு பெருமை பேசுவியேண்ணா, அதைப் போட்டு இதை எழுப்பு பார்ப்போம்," என்று தங்கை சவால் விட்டிருந்தாள்.

"ஓசி இல்லம்மா, திறந்த மூலம், ஓப்பன் சோர்ஸ்" என்று திருத்தப் போய், மாமன் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

கணினியைச் செய்த நிறுவனம் மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. அதன் மூளையான சில்லும் ஊரில் இல்லாத ரகம். மற்றவை எண்ணை ஒரு திசையில் அடுக்கி வைத்தால் இது எதிர்த்திசையில் வைக்கும். கடையில் விற்கும் எந்தச் சிஸ்டமும் அதில் ஏறாது. எங்கெங்கோ உட்கார்ந்திருக்கும் நாலு கிறுக்கர்கள் இன்னும் விடாமல் பராமரிக்கும் லினக்ஸ் ஒன்றுதான் கதி.

முதல் குறுந்தகட்டுக்குக் கறுப்புத் திரை. இரண்டாவது பாதி வரி எழுதிவிட்டு உறைந்தது. மூன்றாவது எல்லாம் முடிந்தது என்று வாழ்த்துச் சொன்னது. அணைத்துப் போட்டால் தன் ஹார்ட் டிஸ்க்கையே காணோம் என்றது. இணைய மன்றத்தில் கேட்டான். "தூக்கிப் போடுங்கள்" என்றார் ஒருவர். "எனக்கு ஓடுகிறதே" என்றார் இன்னொருவர். இரண்டாமவரின் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது.

"இன்னும் உயிர் வரலையா தம்பி?" என்று எட்டிப் பார்த்தார் நர்ஸ்.

"வரும் சிஸ்டர். வரும்போது என் உயிரையும் வாங்கிட்டுத்தான் வரும்."

சாயங்காலம் ஆவதற்குள் ஒருவழியாக எழுந்தது. ஆனால் பரிசோதனை ஒலிக்குப் பதிலாக மணலைத் தகரத்தில் கொட்டியது போன்ற இரைச்சல். ஒலியை இயக்கும் டிரைவர் நிரல் எண்களைத் தலைகீழாகப் படிக்கிறது என்று கண்டுபிடித்து, திருத்தி, மறுபடி கட்டி ஏற்றினான். அப்புறம்தான் மெல்லிய, சுத்தமான ஒலி வந்தது. நர்ஸ் டீ குடிக்கப் போயிருந்தார். பெருமைப்பட்டுக்கொள்ள ஆளில்லை.

மேசைக்கு எதிரே கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் ஒலி புகாத சிறு அறை. உள்ளே ஒரு குட்டி நாற்காலி, ஹெட்போன், ஒரு பொத்தான். ஒலி கேட்டால் பிள்ளை பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்கினால் மேசையில் விளக்கு எரியும்.

சோதித்துப் பார்க்க ஒரு ஒலியை அனுப்பினான்.

விளக்கு எரிந்தது.

நாற்காலி காலி. "வந்துட்டான்யா அடுத்தவன்" என்று முணுமுணுத்தான். இன்னொரு டிரைவர் கோளாறு. ஒலியைக் குறைத்து அனுப்பினான். எரிந்தது. மனிதக் காதுக்கு எட்டாத அளவுக்குக் குறைத்தான். எரிந்தது. பொத்தானின் வயரையே பிடுங்கிவிட்டு அனுப்பினான்.

எரிந்தது.

ஒலியே அனுப்பாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். விளக்கு எரியவே இல்லை.

கோளாறு என்றால் கண்டபடி எரிய வேண்டும். இது காத்திருந்து எரிந்தது.

எழுந்து போய்க் கனத்த கதவைத் தள்ளி உள்ளே நின்றான். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. வெளி உலகத்தைக் கத்தரித்து எடுத்தாற்போல் நிசப்தம். தன் ரத்தம் ஓடுவது தனக்கே கேட்டது. பழைய ரப்பர் வாசனை. ஹெட்போனைத் தொட்டான்.

வெதுவெதுப்பாக இருந்தது, இப்போதுதான் யாரோ கழற்றி வைத்த மாதிரி.

வெளியே வந்தவன், கணினிக்காரர்கள் எல்லோரும் செய்வதைத்தான் செய்தான். வயர் இல்லாதபோது வரும் பதிலைக் கண்டுகொள்ளாதே என்று டிரைவரில் ஒரு வரி சேர்த்தான். விளக்கு அடங்கியது. வயரைச் செருகினான், மறுபடி சோதிக்காமல், சரியாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

காலையில் வாண்டு குட்டி நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஒலி கேட்டா அமுக்கணும், சரியா?" என்று பரிசோதகர் அவள் கட்டைவிரலைப் பிடித்துப் பழக்கினார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து திரையைப் பார்த்தபடி ஒலிகளை அனுப்பினார். பெரிது, சிறிது, மிகச் சிறிது. ஒவ்வொன்றுக்கும் விளக்கு.

"காது நல்லா கேக்குதேம்மா. கருவி எதுக்கு?"

"நான் பின்னாடி நின்னு கத்தினாக்கூடத் திரும்ப மாட்டா மேடம்," என்றாள் தங்கை. மாமன் பக்கம் திரும்பினாள். "அண்ணா, நீதானே சரிபண்ணினே? என்னதான் பண்ணி வெச்சே?"

மாமன் கண்ணாடி வழியாகப் பார்த்தான். வாண்டு இரண்டு கைகளாலும் துணிக் கரடியைக் கட்டிக்கொண்டிருந்தாள். பொத்தான் அவள் மடியிலிருந்து நழுவித் தரையில் கிடந்தது.

"ஒரு தடவை, மேடம். ஒரே ஒரு தடவை. நான் சரிபண்ணிடறேன்."

பரிசோதகர் சலித்துக்கொண்டு டாக்டரைப் பார்க்கப் போனார். தங்கை உள்ளே போய்ப் பொத்தானை எடுத்து மகள் கையில் கொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்தாள். மாமன் விசைப்பலகையில் கை வைத்தான். எழுத எந்த வரியும் தோன்றவில்லை. இதற்கு எவனும் டிரைவர் எழுதி வைக்கவில்லை.

தங்கை காதில் விழாதபடி அறைக்குள் பேசும் மைக்கை அணைத்துவிட்டு, ஒலி போகும் வயரைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

"யாரா இருந்தாலும் சரி," என்று கிசுகிசுத்தான். "நீ பதில் சொல்லாதே. இவளுக்கு மட்டும் கேட்கட்டும்."

விளக்கு மெதுவாக ஒருமுறை எரிந்து அணைந்தது.

பரிசோதகர் திரும்பி வந்து மறுபடி ஒலிகளை அனுப்பினார். அதன் பிறகு தொந்தரவே இல்லை. மெல்லிய ஒலிகளுக்கு இருட்டு. காதைப் பிளக்கும் ஒலி போனபோது வாண்டு திடுக்கிட்டு, சிரித்து, கட்டைவிரலால் அமுக்கினாள். திரையில் வரைபடக் கோடு கீழே கீழே இறங்கி, காது மந்தம் என்று காட்டியது. டாக்டர் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். கணினியை அணைத்து, பிளக்கையும் பிடுங்கி வைத்துவிட்டு மாமன் கிளம்பினான்.

கருவி வந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, அதை மாட்டிக்கொண்டு வாண்டு மாமன் மடியில் உட்கார்ந்திருந்தாள். தங்கை உள் அறையிலிருந்து கூப்பிட்டாள். வாண்டு திரும்பினாள். மாமனுக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு வீடு அமைதியானது. வாண்டு தலையைச் சற்றே சாய்த்தாள். மாமனின் உள்ளங்கையில் கட்டைவிரலால் அமுக்கினாள்.

அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

மறுபடி அமுக்கினாள்.

ஃபேனை நிறுத்தினான். ஜன்னலைச் சாத்தினான். போனை எடுத்து நர்ஸைக் கூப்பிட்டான்.

"சிஸ்டர், அந்த மெஷினை யாராவது ஓட்டறாங்களா?"

"இல்லையே தம்பி. நீங்க பிடுங்கிப் போட்ட பிளக் அப்படியேதான் கிடக்கு."

வாண்டு அமுக்கினாள். கொஞ்சம் இடைவெளி விட்டு அமுக்கினாள். மாமன் அவள் காதுக் கருவியைக் கழற்றி, அணைத்து, மேசைமேல் வைத்தான்.

வாண்டு வாசல் கதவைப் பார்த்தாள். சிரித்தாள்.

அமுக்கினாள்.