ஒருவருக்கு மட்டும் போதும்

சனிக்கிழமை காலை போனில் மளிகைக் கடையின் கூடையைத் திறந்து பார்த்தது பரிதிதான். பொருள்களின் பட்டியலுக்குக் கீழே, குறிப்புப் பெட்டியில், முன்னெழுதி என்ற எந்திரம் ஒரே ஒரு வரி எழுதியிருந்தது.

"இனி அரிசி ஒருவருக்கு மட்டும் போதும்."

திருச்சியில் யாரும் ஆர்டருக்குத் தங்கள் கையால் குறிப்பு எழுதி நான்கு வருடமாகிவிட்டது. 'குழந்தை தூங்குகிறது, மணி அடிக்காதீர்கள்', 'தக்காளி கொஞ்சம் காயாக இருக்கட்டும்' என்றெல்லாம் மக்கள் தட்டிக்கொண்டிருந்த காலம் போயே போய்விட்டது. கோடிக்கணக்கான பழைய குறிப்புகளைப் படித்து, எந்த வீட்டுக்கு அடுத்து என்ன தேவைப்படும் என்று கணித்து, வாடிக்கையாளருக்கு முன்பாகவே எழுதிவிடும் எந்திரம் முன்னெழுதி. உறையூரில் ஒருவருக்கு அது உப்புக் குறைந்த ஊறுகாய் கேட்டது. பத்தாம் நாள் அவருக்கு ரத்தக் கொதிப்பு என்று தெரிந்தது. இன்னொரு வீட்டில், மருமகள் வாயைத் திறக்கும் முன்பே மசக்கைக்கு நார்த்தங்காய் எழுதியது. அதன் பிறகு ஜனங்கள் கூடையைத் திறப்பதே அந்த வரியைப் படிக்கத்தான் என்றானது.

அந்த எந்திரத்தைக் கடையின் இணையக் கூடையோடு இணைத்த நிரலாளர்களில் ஒருத்தி, பரிதியின் மனைவி செண்பகவல்லி.

"யாரு அந்த ஒருத்தர்?" என்று கேட்டான் பரிதி.

"சும்மா ஒரு கணிப்புங்க. விடுங்க."

"ஒங்க பெட்டி தப்பே பண்ணாதுன்னு நீதானே எல்லார்கிட்டயும் சொல்லுவே?"

திங்களன்று இருவரும் மருத்துவமனைக்குப் போய் உச்சி முதல் பாதம் வரை பரிசோதித்துக்கொண்டார்கள். ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லை. அதுதான் மோசமாகப் போயிற்று. சாவு இல்லையென்றால் வேறென்ன? அவள் போனைக் கவிழ்த்து வைத்தால் அவன் ஓரக்கண்ணால் பார்த்தான். அவன் சிங்கப்பூரில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருந்ததை அவள் தேடிக் கண்டுபிடித்தாள். "சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றான். அவள் நம்பவில்லை. வாராவாரம் ஒருவருக்கான அரிசியே வந்தது. அந்த வரியை அழித்தால் பயந்துவிட்டதாக அர்த்தமாகிவிடும் என்று இருவருமே அதைத் தொடவில்லை. அரை வயிறாகச் சாப்பிட்டு எழுந்தார்கள். நான்காம் வாரம், தஞ்சாவூரில் அக்கா வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று பரிதி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். அவள் தடுக்கவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் அவள் வேறு எந்த வேலையையும் தொடவில்லை. அந்த வரி எங்கிருந்து வந்தது என்று தேடினாள். கூடையின் அடியில் ஓடுவது இன்னமும் பிஎச்பி என்ற கணினி மொழியில் எழுதிய பழைய நிரல்தான். முன்னெழுதி இரண்டு நொடிக்குள் பதில் தராவிட்டால் குறிப்புப் பெட்டியை வெறுமையாக விடு என்று சொல்லும் இடத்துக்கு வந்தாள். வெறுமை இருக்க வேண்டிய இடத்தில், மேற்கோள் குறிகளுக்குள், அந்த வாக்கியம் இருந்தது. எழுதியவர்: செண்பகவல்லி.

கல்யாணத்துக்கு முன், தனியறையில் ஒற்றை ஆளாகச் சமைத்துச் சாப்பிட்ட நாட்களில், பெட்டி வேலை செய்கிறதா என்று பார்க்க மனதில் வந்ததைத் தட்டியிருக்கிறாள். எடுக்க மறந்துவிட்டாள். போன மாதம் சர்வர் மாற்றியபோது இரண்டு நொடிக்குள் பதில் தர முடியாமல் எந்திரம் திணறியது. நாற்பத்தோராயிரம் வீடுகளுக்கு அவளுடைய வரி போயிருந்தது.

அதை அழித்தாள். மேலாளர் பெலிக்ஸின் அறைக்கு ஓடினாள்.

"சார், அது கணிப்பே இல்ல. நான் டெஸ்டுக்குப் போட்ட வரி."

பெலிக்ஸ் எழுந்து கதவைச் சாத்தினார். "தெரியும்மா. நேத்துதான் பாத்தேன். அந்த நாப்பத்தோராயிரத்துல, முன்னாடி குடும்பமா இருந்த பதினேழாயிரம் வீட்ல இப்ப நெசமாவே ஒருத்தர்தான் இருக்காங்க."

"எடுத்துட்டேன் சார். இனிமே போவாது."

"போவும்." திரையை அவள் பக்கம் திருப்பினார். "எந்தக் குறிப்பு பலிக்குதோ அத மறுபடி எழுதணும்னுதானே முன்னெழுதிக்குக் கத்துக்குடுத்திருக்கோம்? இது நல்லாப் பலிச்சிருச்சு. காலையிலேர்ந்து அதுவே எழுதுது. ஆறு லட்சம் வீடு."

"நிறுத்துங்க சார்!"

"மேல பேசிட்டேன். துல்லியம் ஏறிக்கிட்டிருக்கப்ப எதுக்கு நிறுத்தணும்னு கேக்குறாங்க."

படிக்கட்டில் நின்றுகொண்டு பரிதியைப் போனில் அழைத்தாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

"அப்ப அது சும்மா ஒரு வரி" என்றான் பரிதி. "ஆனா அதுக்கப்பறம் நாம சந்தேகப்பட்டதெல்லாம் நெசந்தானே, செண்பகம்?"

அவள் வாயைத் திறக்கும் முன், அவனுக்குப் பின்னால் அக்காவின் குரல் கேட்டது. "தம்பி, இங்க கொஞ்சம் வாயேன். எங்க கூடையில என்னமோ எழுதியிருக்கு."

அந்த வீட்டில் அக்கா, அத்தான், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள்.

"படிக்காதக்கா! அத்தான்கிட்ட காட்டாத!" என்று பரிதி கத்தினான்.

அக்கா அதற்குள் உரக்கப் படிக்கத் தொடங்கியிருந்தாள்.