பேர் சொன்னால்தான் பிள்ளை

"பேரைச் சொல்லிக் கேளுங்க அத்தை... உடனே தர்றேன்."

குளிப்பாட்டித் துடைத்த குழந்தையைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்தபடி மருமகள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அறை வாசலில் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு மாமியார் நின்றாள். சமையலறையில் பால் பொங்கும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் அசையவில்லை.

"என் பேத்தியை நான் குட்டின்னு கூப்பிடுவேன், கண்ணுன்னு கூப்பிடுவேன்... உனக்கென்னடி?"

"தாராளமா கூப்பிடுங்க. பேரையும் ஒரு தடவை சொல்லிடுங்க."

"அது பேராடி? ஊர் சிரிக்குது! என் வாயால அதைச் சொல்ல மாட்டேன்."

"அப்ப என் கையால நானும் கொடுக்க மாட்டேன்."

பால் வழிந்து தீய்ந்த வாடை வந்தது. நீட்டிய கைகளை மடக்கிக்கொண்டு மாமியார் முணுமுணுத்தபடி நடந்தாள். அவள் காதில் விழட்டும் என்றே மருமகள் குழந்தையைக் கொஞ்சினாள்.

"பதில்... என் பதில் கண்ணு... அம்மாவைப் பாரும்மா!"

ஆமாம், குழந்தையின் பெயர் பதில்தான். பிரசவம் முடிந்த மறுநாளே தாய் வைத்த பெயர் அது. லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன் அதைக் கேட்டதும் முகம் வெளிறி, வாயைத் திறந்தான். பிறகு என்ன நினைத்தானோ, தலையைக் குனிந்துகொண்டான். தன் மாமியாரின் பெயரை வைக்கவேண்டும் என்று ஆசை ஆசையாய்க் காத்திருந்த அவன் அம்மா ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள்.

தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸ், "குழந்தை பேரு?" என்று கேட்டாள்.

"பதில்."

"பதிலைத்தாம்மா கேட்கிறேன். பேரு என்ன?"

"பேருதாங்க பதில்!"

காத்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவள் லென்ஸ் தேய்க்கும் வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடையின் முதலாளி, "பேரு ஜோர்தான். ஆனா ஸ்கூல்ல டீச்சர் 'பதில் எங்கே'ன்னு கேட்டா வகுப்பே எழுந்து நிக்குமே!" என்றார். நாத்தனார் சும்மா இருப்பாளா? "அடுத்தது பிறந்தா கேள்வின்னு வைப்பியா?" என்று போகிற இடமெல்லாம் சொல்லிச் சொல்லிக் கெக்கலி கொட்டினாள்.

எல்லாவற்றையும் அவள் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டாள். சிரிக்கட்டும்... அவள் யாருக்காக அந்தப் பெயரை வைத்தாளோ அவர்கள் சிரிக்கவில்லை. அது போதும்!

கல்யாணமாகி வந்த முதல் வருஷத்திலேயே மாமியார் ஒரு கேள்வி கேட்க ஆரம்பித்தாள். "ஏம்மா, விசேஷம் ஏதாவது உண்டா? பதில் சொல்லேன்." வருஷங்கள் ஓட ஓட 'ஏம்மா' போய் 'ஏண்டி' வந்தது. சாப்பிட உட்கார்ந்தால், துணி உலர்த்தினால், வேலை முடிந்து களைத்து வந்து செருப்பைக் கழற்றினால்... "வாயில என்ன கொழுக்கட்டையா? பதில் சொல்லுடி!"

அவளுக்குப் பதில் தெரியும். டாக்டர் சொன்ன நாளன்று, ஆஸ்பத்திரி வாசலில் ஜனங்கள் பார்க்க, அவள் கணவன் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதான். "குறை எனக்குன்னு அம்மாவுக்குத் தெரிஞ்சா நான் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. என் மேல சத்தியமா யார்கிட்டயும் சொல்லாதே!" கட்டியவன் அழுவதைப் பார்க்கப் பொறுக்காமல் அவள் தலையசைத்தாள். ஒரு தலையசைப்புக்கு அத்தனை வருஷம் விலை!

நாத்தனாருக்கு மகன் பிறந்தபோது ஆசையாய்த் தூக்கிய குழந்தையை மாமியார் அவள் கையிலிருந்து வெடுக்கென்று பறித்தாள். "நீ தொடாதே. உன் ஏக்கம் குழந்தைக்கு ஆகாது." அறை நிறைய உறவுக்காரர்கள்... பக்கத்தில் கணவன். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். வெறுமையாய்த் தொங்கிய தன் கைகளை அன்று அவள் பார்த்த பார்வை இருக்கிறதே... அதில் கண்ணீர் இல்லை. அன்றுதான் அவளுக்குள் நெருப்பு பற்றிக்கொண்டது.

அதற்கு மேலும் மாமியார் விடவில்லை. "இவளைத் தள்ளிவெச்சிட்டு வேற பார்க்கலாம்டா" என்று அவள் காதுபடவே மகனிடம் சொன்னாள். மகன் 'முடியாது' என்றானே தவிர, 'ஏன்' என்று சொல்லவில்லை. மருந்தெல்லாம் அவன்தான் சாப்பிட்டான். வசவெல்லாம் அவள் சாப்பிட்டாள். கடைசியில் குழந்தை வந்தது. பெயரும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். குழந்தையைப் பார்க்கக் கணவனின் சித்தப்பாவும் சித்தியும் வந்திருந்தார்கள். நாத்தனாரும் ஆஜர். சாப்பாடு முடிந்து கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது சித்தப்பா கையை நீட்டினார். "பேத்தியைக் கொண்டாம்மா. பேரு என்னமோ சொன்னாங்களே... பதிலா?"

அவர் சொல்லிவிட்டார்; அவள் குழந்தையை உடனே அவர் மடியில் வைத்தாள். மாமியாரின் உதடு துடித்தது. "பார்த்தீங்களா? வந்தவங்களுக்கெல்லாம் கொடுக்கிறா... நான் பெத்த பிள்ளையோட குழந்தை, எனக்கு மட்டும் இல்ல!" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அம்மாவின் கண்ணீரைக் கண்டதும் நாத்தனார் பொங்கினாள். "அப்படி என்ன பெரிய பதில் இது? இத்தனை வருஷம் இல்லாதது திடீர்னு எப்படி வந்துச்சாம்? அந்தப் பதிலை இவ சொல்லட்டும் பார்ப்போம்!"

சித்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த வார்த்தையின் அர்த்தம் புரியாதவர்கள் அங்கே யாருமில்லை.

மருமகள் எழுந்தாள். சித்தப்பா மடியிலிருந்து குழந்தையை எடுத்தாள். நேரே கணவன் முன்னால் போய் நின்று அவன் கையில் கொடுத்தாள்.

"உங்க மேல சத்தியம் பண்ணியிருக்கேன். நான் வாயைத் திறக்க மாட்டேன். உங்க அக்கா என்ன கேட்கிறாங்கன்னு காதுல விழுந்துச்சா? இப்பவும் ஜன்னலைப் பார்த்தீங்கன்னா, இந்த நிமிஷமே இவளைத் தூக்கிட்டுப் படியிறங்கிடுவேன். அப்புறம் உங்களுக்குப் பொண்டாட்டியும் இல்ல, பொண்ணும் இல்ல!"

அவன் குழந்தையின் முகத்தைப் பார்த்தான். அது கொட்டாவி விட்டது. அவன் உடைந்தான்.

"குறை எனக்கும்மா... எனக்கு! அவளுக்கு ஒண்ணுமே இல்ல. நான் சாப்பிட்ட மாத்திரையெல்லாம்..."

"வயித்துப் புண்ணுக்குன்னு சொன்னியேடா!" மாமியார் அலறினாள்.

"பொய்ம்மா. சொல்லாதேன்னு அழுதேன். அதுக்காகத்தான் உன் பேச்சு, அக்கா பேச்சு எல்லாத்தையும் அவ தாங்கிக்கிட்டா. நான் பார்த்துக்கிட்டே இருந்தேம்மா... பாவி நான்!"

நாத்தனாரின் முகம் சுருங்கியது. மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து மருமகளிடம் வந்தாள்.

"எனக்குத் தெரியாதேடி... ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"தெரிஞ்சுக்க நினைச்சீங்களா அத்தை? விடிஞ்சா எழுந்தா என்கிட்ட கேட்டீங்க... உங்க பிள்ளையை ஒரே ஒரு நாள் கேட்டீங்களா?"

மாமியார் அவள் காலடியில் சரியப் போனாள். மருமகள் தோளைப் பிடித்து நிறுத்தினாள். அந்தப் பிடியில் இரக்கம் இல்லை.

"கால்ல விழுந்தா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும். எனக்கு அது வேண்டாம். போன் போட்டுப் போட்டு என்னை மலடின்னு சொன்னீங்களே... அவங்க எல்லார்கிட்டயும் நீங்களே பேசுங்க. இப்பவே. நான் கேட்கணும்."

"சபையில என்னை இப்படியா..." என்று ஆரம்பித்த மாமியார், மருமகளின் கண்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

நாத்தனார் செருப்பை மாட்டிக்கொண்டு நழுவப் பார்த்தாள். "உட்காருங்க அண்ணி. நீங்க ஆவலா கேட்ட பதில்தானே... முழுசா கேட்டுட்டுப் போங்க!" என்ற குரலுக்குக் கட்டுப்பட்டு மூலையில் ஒடுங்கினாள்.

மாமியார் பேசினாள். மைத்துனிக்கு, ஒன்றுவிட்ட தங்கைக்கு, பழைய பக்கத்து வீட்டுக்காரிக்கு... "என் மருமக மேல ஒரு குறையும் இல்ல... நான்தான் நாக்கு அழுகிப் பேசிட்டேன்..." ஒவ்வொரு முறையும் குரல் இன்னும் கொஞ்சம் தேய்ந்தது. கணவனிடமிருந்து குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு எதிர்நாற்காலியில் உட்கார்ந்த மருமகள் ஒவ்வொரு வார்த்தையையும் பசித்தவள் சோறு உண்பதுபோல் கேட்டாள். 'பாவம்' என்று ஒரு சொல் அவள் மனதில் எழவே இல்லை.

"இன்னும் ஒருத்தர் பாக்கி" என்றாள். "எங்கம்மா."

மாமியார் போனை மடியில் கவிழ்த்தாள். குறையுள்ள பெண்ணைத் தலையில் கட்டிவிட்டதாக அந்தச் சம்பந்தியை எத்தனை முறை அழவைத்திருக்கிறாள்! பெண்ணின் வாழ்க்கை பாழாகிவிடுமே என்று அந்தத் தாய் போனிலேயே கெஞ்சியிருக்கிறாள்.

"சம்பந்தியம்மா..." அதற்குமேல் வார்த்தை வரவில்லை. விசும்பல்தான் வந்தது. "உங்க பொண்ணு... உங்க பொண்ணு தங்கம்மா! என் பிள்ளை மானத்தைக் காப்பாத்த என்கிட்ட செருப்படி பட்டிருக்கா. என்னை மன்னிச்சிடுங்க... நம்ம பேத்தி... நம்ம பதில் நல்லா இருக்கா..."

மறுமுனையில் ஓர் அழுகை... வருஷக்கணக்காய் அடக்கிவைத்த அழுகை, போனைத் தாண்டிக் கூடம் முழுக்கக் கேட்டது. அம்மாவின் அந்த அழுகையைக் கேட்டதும், அதுவரை கல்லாய் உட்கார்ந்திருந்த மருமகளின் கன்னத்தில் கண்ணீர் தாரை தாரையாய் வழிந்தது.

கணவன் பதறி அருகில் வந்து தோளைத் தொட்டான். அவள் அந்தக் கையை விலக்கினாள். "உங்க விஷயம் தனி. உங்ககிட்ட நான் இன்னும் பேச ஆரம்பிக்கவே இல்ல." அவன் குழந்தையின் ஈரத்துணிகளை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனான்.

மாமியார் போனை வைத்துவிட்டு வெறும் கைகளோடு உட்கார்ந்திருந்தாள். கேட்கவும் பயம். மருமகள் எழுந்து போய்க் குழந்தையை அந்த மடியில் வைத்தாள். கிழவி பேத்தியைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"என்னை மன்னிச்சிட்டியாம்மா?"

"இன்னும் இல்ல அத்தை" என்றாள் மருமகள், கண்ணைத் துடைத்தபடி. "குழந்தைக்குத் தலை நிக்கல... கழுத்துக்குப் பின்னால கையைக் கொடுத்துப் பிடிங்க."