தொப்பிக்குள் இருந்த சூடு

தொப்பியின் உட்புறம் சூடாக இருந்தது.

ஆட்கள் கொடுத்துவிட்டுப் போகும் பழைய பொருள்களை விற்கிற சரிட்டிக் கடை அது. லண்டனில், லூயிஷாம் சந்தைக்குப் பக்கத்தில் இருந்தது. பின்னறையில் ஹீற்றர் பழுதாகி மூன்று நாளாகிவிட்டதால், அங்கே வேலை செய்யும் மரினாவின் மூச்சு வெண்புகையாக வெளியேறிக்கொண்டிருந்தது. அந்தக் குளிரில் அவள் ஒரு வட்டப் பெட்டியைத் திறந்து, முன்பக்கம் வலை வைத்துத் தைத்த பச்சைக் கம்பளித் தொப்பியை எடுத்தாள். யாரோ அப்போதுதான் தலையிலிருந்து கழற்றி அவள் கையில் தந்ததுபோல அதன் உட்பட்டி வெதுவெதுப்பாக, லேசான வியர்வை ஈரத்தோடு இருந்தது. பூச்சி உருண்டையும் பழைய முகப்பவுடரும் மணத்தன. அவற்றுக்கு அடியில், கிளறிவிட்ட ஈரமண்ணின் மணம்.

அப்படி ஐந்து பெட்டிகள். காலையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் தன் இறந்துபோன பெரியம்மாவின் வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்துவிட்டு, நன்றி சொல்வதற்குள் போய்விட்டாளாம். எழுபது, எண்பது வருடப் பழசு, கண்ணாடி அலுமாரியில் வைக்கலாம் என்று கடையை நடத்தும் ராஜி சொல்லியிருந்தாள்.

அளவு பார்க்கத்தான் மரினா அதைத் தலையில் வைத்தாள். வலை கண்ணுக்கு முன்னால் இறங்கியது.

மெலனி சிரித்தாள்.

யுத்தத்தின் கடைசி மாதங்களில், சனம் நெருக்கியடித்து நீரேரியைக் கடந்தபோது மரினாவின் கையிலிருந்து நழுவிப்போன ஆறு வயது மகள். பதினைந்து வருடங்கள் ஆகிவிட்டன. மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து ஓடிய வழியெல்லாம் விட்டுவந்த சாமான்களோடு படங்களும் போய்விட்டன. லண்டனுக்கு வந்த நாள் முதல், செபம் முடிந்ததும் மரினா கண்ணை மூடி அந்த முகத்தை வரவழைப்பாள். வருடத்துக்கு வருடம் அது மங்கிக்கொண்டே போனது. இப்போது மிஞ்சியிருந்தவை மூன்றுதான்: விழுந்த முன்பல்லின் இடைவெளி, வெயிலில் காய்ந்த தலையின் எண்ணெய் மணம், ‘அம்மா’ என்று இழுத்துக் கூப்பிடும் விதம். முகம் இல்லை.

வலைக்குப் பின்னால் முகம் இருந்தது. இமைமயிர்கள்கூடத் தெரிந்தன.

ஐந்து தொப்பிகளையும் அவளே வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

அதன் பிறகு வேலை முடிந்ததும் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினாள். டிசம்பர் மாதம், நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். பஸ் ஓட்டப்போன கணவர் றெஜினோல்ட் ஷிப்ட் முடிந்து வருவதற்குள் அவளுக்கு ஒரு மணித்தியாலம் கிடைக்கும். அலுமாரிக் கண்ணாடியின் முன் உட்கார்ந்து தொப்பியை வைப்பாள். சாம்பல் நிறத் தொப்பியில் மெலனி திரும்பிப் பார்த்தாள். மண்ணிறத் தொப்பியில் நடந்து வந்தாள். இறகு செருகிய நீலத் தொப்பியை வைத்த நாளில், வெளியே ரயில் கடந்துபோன அதிர்வு அடங்கிய பிறகும், நடைபாதையின் மரத்தரையில் ஈரமான சின்னப் பாதங்கள் ஒட்டி ஒட்டி விடுபடும் சத்தம் அறைக் கதவு வரைக்கும் வந்து நின்றது.

அன்று சாப்பிடும்போது அவள் தன்னையறியாமல் சொன்னாள்.

“மெலனிக்கு இடதுபக்கப் புருவத்தில தழும்பு இருந்ததெல்லே.”

றெஜினோல்டின் கை சோற்றுக் கோப்பையில் அப்படியே நின்றது. அந்தப் பெயரை இருவரும் அந்த வீட்டில் ஒருநாளும் உச்சரித்ததில்லை.

“அவளுக்குத் தழும்பு ஒண்டும் இருக்கேல்லை, மரினா.”

“நீங்கள் மறந்திட்டியள்.”

அவர் பாதிச் சோற்றோடு எழுந்துபோய், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். பெத்த தகப்பனே மறந்துவிட்டாரே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

மறுநாள் பின்னேரம் ராஜி மரினாவுக்குப் போன் எடுத்தாள். பெட்டிகளைக் கொண்டுவந்த பெண் திரும்பி வந்து அவற்றைக் கேட்டு அழுதாளாம். கொடுத்தது பிழை, எரித்திருக்க வேண்டும் என்றாளாம். பெரியம்மா கலியாணம் செய்யாதவர், பிள்ளைகுட்டி இல்லை. ஆனாலும் கடைசி வருடம் முழுக்கத் தொப்பியோடு கண்ணாடி முன் உட்கார்ந்து தன் மகளோடு பேசிக்கொண்டிருந்தார் என்று அந்தப் பெண் சொன்னதை ராஜி ஒரு வேடிக்கைபோலச் சொல்லி முடித்தாள். தொப்பிகளை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டதாக மரினா பொய் சொன்னாள்.

போனை வைத்ததும் கண்ணை மூடினாள். தொப்பி இல்லாமல் மகளை நினைத்துப் பார்த்தாள்.

பல் இடைவெளியைத் தேடினாள். வாய் நிறையப் பற்கள் இருந்தன. எண்ணெய் மணத்தைத் தேடினாள். ஈரமண் மணத்தது. ‘அம்மா’ என்ற குரலுக்காகக் காது கொடுத்துக் காத்திருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பதினைந்து வருடம் பொத்திப் பொத்தி வைத்திருந்த மூன்றும் இருந்த இடம் தெரியாமல் போயிருந்தன. அங்கே ஒரே ஒரு முகம். புருவத்தில் தழும்போடு.

எல்லாவற்றையும் குப்பையில் எறிய வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. எறிந்தால்? இந்த முகமும் போய்விட்டால்? எதை நினைத்து அழுவது?

ஐந்தாவது பெட்டியைத் திறந்தாள். கறுப்புத் தொப்பி. வலை முகம் முழுக்க மூடி நாடி வரைக்கும் இறங்கியது.

அறை குளிர்ந்தது. ஹீற்றர் குழாயின் டிக் டிக் நின்றது. மண் மணம் தொண்டைக்குள் இறங்கியது. பாதச் சத்தம் இந்தமுறை கதவில் நிற்கவில்லை.

உள்ளே வந்தது.

பக்கத்தில் நின்றது.

ஈரமான சின்ன விரல்கள் அவளுடைய விரல்களுக்குள் நுழைந்தன. மரினா இறுகப் பிடித்தாள். இனி விடமாட்டேன். இனி ஒருநாளும் விடமாட்டேன்.

வாசல் கதவு திறந்தது. றெஜினோல்ட் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே அறைக்கு வந்தார். வந்தவர் நின்றார். அவர் பார்த்தது அவளை அல்ல. அவளுக்குப் பக்கத்தில், இடுப்பு உயரத்தில்.

“ஆர் இது?”

“எங்கட மெலனி.”

அவர் நெடுநேரம் பார்த்தார்.

“இது எங்கட பிள்ளை இல்லை.”

“முகம் மறந்துபோனால் அப்பிடித்தான். இதுகளில ஒண்டை வைச்சுப் பாருங்கோ. உங்களுக்கும் தெரியும்.”

சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது.

றெஜினோல்ட் கட்டிலில் கிடந்த தொப்பிகளைப் பார்த்தார். “வைச்சால் அவளைக் காணலாமோ?” என்று மெல்லக் கேட்டார். “எனக்கும் முகம் வருகுதில்லை, மரினா. எத்தினையோ வருசமா வருகுதில்லை.”

வேண்டாம் என்று கத்த வாயைத் திறந்தாள். வலை உதட்டில் ஈரமாக ஒட்டிக்கொண்டது. தொப்பியைப் பிய்த்தெடுக்கப் பார்த்தாள். தலைத்தோல்தான் இழுபட்டது.

பிள்ளை கட்டிலைச் சுற்றி நடந்தது. பச்சைத் தொப்பியை இரண்டு கையாலும் எடுத்தது. அவர் முன்னால் போய் நின்று, அண்ணாந்து பார்த்தது.

“அப்பா, குனியுங்கோ.”

அதன் இரண்டு கைகளும் தொப்பியில் இருந்தன. ஆனாலும் மரினாவின் கைக்குள் இருந்த ஈரவிரல்கள் இன்னும் இறுகின.

றெஜினோல்ட் அழுதுகொண்டே குனிந்தார்.