வாரிக் திருப்பிக் கொடுக்காத துடுப்பு

துடுப்பு நனைந்திருந்தது.

மூன்று நாளாகப் பூட்டிக் கிடந்த படகுக் கேபினைத் திறந்து உள்ளே காலை வைத்ததும் வாரிக்கின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். ஒன்பதடி நீளத் துடுப்பு மெத்தைமேல் குறுக்காகக் கிடந்தது. அதன் தட்டையான அலகிலிருந்து நீர் சொட்டி, ஒரு ஆள் படுத்தெழுந்த அளவுக்கு மெத்தையில் ஈரம் பரவியிருந்தது. கூரையில் ஒழுகல் இல்லை, தரையும் காய்ந்தே இருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். உப்பு.

"கெல்வின், இதை எடுத்துத் தண்ணியில போட்டியா?"

"நானா? எனக்கெதுக்கு மச்சான் அந்தக் கட்டை? சாவியே உன்கிட்டதானே இருக்கு."

கெல்வின் வாரிக்கின் மனைவிக்குத் தம்பி. கயிற்றை இழு என்றால் இழுப்பான், விடு என்றால் விடுவான், அதற்குமேல் அவனுக்கு மூளை கிடையாது என்பது வாரிக்கின் கணிப்பு. அவன் கணிப்பில் தேறியவர்கள் யம்பா ஊரிலேயே எவருமில்லை. முப்பது வருடம் ஊர்க்காரர்களின் வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே எட்டிப் பார்த்த பல் மருத்துவன் அவன். எவனுக்கு எந்தப் பல் சொத்தை என்று தெரிந்தவனுக்கு, அவனிடம் மரியாதை எங்கிருந்து வரும்?

புதன்கிழமை படகுச் சங்கத்தில் வருடச் சோதனை நடந்தது. இன்ஜின் நின்றுபோனால் படகை நகர்த்த வேறொரு வழியை ஒவ்வொருவனும் கண்ணெதிரே காட்ட வேண்டும். சோதனை செய்யும் நோரீன் வழக்கமான பாட்டைப் பாடினாள். பாட்டரி மோட்டார் வைக்கலாம், ஒரு மணி நேரத்தில் அது மூச்சை விட்டுவிடும். இரண்டு துடுப்பு போட்டு வலிக்கலாம், முதுகு ஒடியும். ரப்பர் தோணியைப் பக்கத்தில் கட்டித் தள்ளலாம், அலை இருந்தால் ஆகாது. மலிவானது ஒற்றைத் துடுப்புதான். பின்பலகையில் உள்ள அரைவட்ட வெட்டில் அதைச் செருகி, மீன் வாலாட்டுவதுபோல் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி ஓட்டினால் போதும்.

"பாயை வச்சு ஓட்டத் தெரியாதவனுக்குத்தான் இத்தனை ஊன்றுகோல்" என்றான் வாரிக். நோரீன் கேட்காத மாதிரி அடுத்த படகுக்குப் போனாள்.

சனிக்கிழமைப் பாய்ப்படகுப் பந்தயக்காரர்களுக்குப் படகில் ஒரு செருப்பு கூடுதலாக இருந்தாலும் பாரம். அதனால் யாரும் துடுப்பு வைத்துக்கொள்வதில்லை. ஆல்பிக் கிழவனின் துடுப்பு நோரீனின் முதுகுக்குப் பின்னால் படகு படகாகக் கைமாறும். ஒரே துடுப்பு ஏழு படகில் ஆஜராகும். கடைசிப் படகுக்காரன் அதைக் கொண்டுபோய்க் கிழவனிடம் கொடுத்துவிட வேண்டும், அதுதான் வழக்கம். இந்த முறை கடைசி ஆள் வாரிக்.

ஆல்பி ஆற்றில் கிடக்கும் தன் படகிலேயே தனியாகக் குடியிருப்பவன். வியாழக்கிழமை காலையில் தொலைபேசியில் கேட்டான்: "என் துடுப்பு உன்கிட்டயா தம்பி இருக்கு? இன்னைக்கு இன்ஜின் ரொம்ப இருமுது."

"சனிக்கிழமை தர்றேன். அதுக்குள்ள நீ எங்க போகப் போற? அமெரிக்காவுக்கா?"

சொன்னதை நினைத்து இரவுச் சாப்பாடு வரைக்கும் சிரித்தான் வாரிக்.

இன்று சனிக்கிழமை. விடிந்து ஒரு மணி நேரமாகியும் மூடுபனி ஆற்றைவிட்டு எழவில்லை. பந்தயம் அக்கரையில் தொடங்கும். பாதி ஆறு கடந்ததும் இன்ஜின் இரண்டு முறை விக்கி நின்றது. இன்ஜினைக் கிளப்பும் கயிற்றை வாரிக் இழுத்தான், இழுத்தான், தோள் கழன்றதுதான் மிச்சம். காற்று துளியும் இல்லை. நனைந்த துணி கொடியில் தொங்குவதுபோல் பாய் தொங்கியது. ஓதம் இறங்கி, ஏறியிருந்த கடல்நீர் வற்றிக்கொண்டிருந்தது, ஆற்று நீர் முழுதும் படகையும் சேர்த்து முகத்துவாரத்தை நோக்கி இழுத்தது. அங்கே மணல்திட்டின்மேல் அலைகள் உடையும் உறுமல் பனிக்குள்ளிருந்து கேட்டது. அதில் சிக்கிய சிறு படகு திரும்பி வராது. அது வாரிக்குக்கும் தெரியும்.

கெல்வின் சொல்லாமலே நங்கூரத்தை இறக்கினான். அது பிடித்தது. படகு நின்றது.

"ரேடியோவுல மீட்புப் படகைக் கூப்பிடுவோம் மச்சான். கட்டி இழுத்துட்டுப் போகட்டும்."

"கூப்பிட்டா சாயங்காலம் சங்கத்துல என்ன தண்டனை தெரியுமா? அந்த ரோஸ் கலர் குழந்தை மிதவையைக் கழுத்துல மாட்டிக்கிட்டு, எல்லாப் பயலுக்கும் நான் பீர் ஊத்தணும். நோரீன் போட்டோ எடுப்பா. எடு நங்கூரத்தை!"

"வேண்டாம்..."

"எடுடா!"

எடுத்தான். பிடித்திருந்த நங்கூரத்தை எடுக்கச் சொன்னவனின் புத்தியை என்னவென்று சொல்வது? கழுத்துக்குக் கத்தி வந்தாலும் காலர் கசங்கக் கூடாது என்கிற ஜாதி.

வாரிக் துடுப்பைப் பின்பலகை வெட்டில் செருகி ஆட்டினான். அது துள்ளி வெளியே வந்து அவன் முழங்காலில் அடித்தது. கெல்வின் பயத்திலும் சிரித்துவிட்டான். மறுபடி செருகினான், மறுபடி துள்ளியது. மூன்றாம் முறை அலகு நீருக்குள் போனதும் கைக்குப் பழக்கமில்லாத ஒரு திருப்பம் கைக்கு வந்தது. இடதுபுறம் மடக்கித் தள்ளு, வலதுபுறம் மடக்கி இழு. கிறீச். கிறீச். படகு நகர்ந்தது.

"பார்த்தியா? இதுக்கு ஒரு பாடம், ஒரு பட்டியல், ஒரு நோரீன்!"

வெள்ளையைத் தவிர எதுவும் தெரியவில்லை. துடுப்பின் கிறீச்சொலி, அலகு கடந்த இடத்தில் நீர் குமிழிடும் ஓசை, நனைந்த பழைய கம்பளிச் சட்டையின் நாற்றம். அவர்கள் இருவரும் நைலான் மேல்சட்டைதான் போட்டிருந்தார்கள். நாற்றம் பின்பக்கத்திலிருந்து வந்தது. பத்து நிமிடம் ஆகியிருக்கும். உறுமல் குறைந்திருக்க வேண்டும்.

கூடியிருந்தது.

வாரிக் திசைகாட்டியைப் பார்த்தான். படகின் முன்முனையான அணியம் கிழக்கே இருந்தது. கிழக்கே கடல். படகைத் திருப்பத் துடுப்பை ஒருபக்கமாக அழுத்தினான். துடுப்பு மறுத்தது. பலம்கொண்ட மட்டும் அழுத்தினான். மரம் அவன் உள்ளங்கைக்குள் அமைதியாக, அவசரமில்லாமல், தன் வழக்கப்படி திரும்பியது.

கெல்வின் அதற்குள் ரேடியோவை எடுத்திருந்தான். மறுமுனையில் மீட்புப் படகுக்காரனின் குரல் கரகரத்தது.

"அங்கேயே நங்கூரம் போட்டு நில்லுங்கப்பா. நாங்க முகத்துவாரப் பாறைகிட்ட இருக்கோம். ஆல்பியோட படகு கவுந்து கிடக்கு. ரெண்டு நாள் ஆன மாதிரி இருக்கு. ஆள் இல்ல. இன்ஜின் கயித்தை இழுத்து இழுத்து அறுத்திருக்கான், பாவம். எப்பவும் ஒரு துடுப்பு வச்சிருப்பானே, அதையும் காணோம்."

கெல்வின் திரும்பி வாரிக்கைப் பார்த்தான். பிறகு ஓடிப்போய் நங்கூரத்தை வீசினான். கயிறு ஓடியது. இறுகியது. தளர்ந்தது. இழுத்தான்.

வெறும் கயிறு.

"வாரிக், அதை விட்டுடு. கையை எடு!"

வாரிக் கையை எடுத்தான். நிஜமாகவே எடுத்தான். இரண்டு கைகளையும் மார்போடு சேர்த்துக்கொண்டான்.

கிறீச்.

துடுப்பு நிற்கவில்லை.

கிறீச்.

இதுவரைக்கும் யாரையும் பார்த்துப் பயந்ததில்லை அவன். இப்போது துடுப்பைவிட்டு விலகினான். நான் கொடுத்திருப்பேன், இன்றைக்குக் கொடுத்திருப்பேன் என்று முனகினான். யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமலே சொன்னான். பனிக்குள் முதல் வெள்ளை அலை எழுந்தது. அணியம் மேலே போனது. விழுந்தது. கெல்வின் பாய்மரத்தைக் கட்டிக்கொண்டு தன் அக்காவின் பெயரைச் சொல்லிக் கத்தினான்.

வாரிக் பின்பலகையைப் பிடித்துக் குனிந்தான். கடல் நீர் கலந்து ஆறு இங்கே பச்சையாக, கண்ணாடிபோல் இருந்தது. அடிவரைக்கும் தெரிந்தது.

அலகை இரண்டு கைகள் பிடித்திருந்தன. ஊறி வெளுத்த கைகள். மணிக்கட்டு மடங்கியது, திரும்பியது, மடங்கியது. கம்பளிச் சட்டையின் கைகள் நீரில் அலைந்தன. அதற்குக் கீழே ஆல்பியின் முகம். கண் திறந்திருந்தது.

அந்தக் கண் வாரிக்கைப் பார்க்கவில்லை. அவனை ஒரு பொருட்டாகவே மதிக்காமல், அவனைத் தாண்டி, முன்னால் உடையும் அலைகளையே பார்த்துக்கொண்டிருந்தது.