பட்டுப்போன மலைச்செடிகள்

காலை ஏழு மணிக்குக் குளிர் அறையைத் திறந்த கீதாஞ்சலி போட்ட சத்தம் கல்லூரி வாசல்வரை கேட்டது.

முன் வரிசையில் இருந்த செடிகள் அத்தனையும் தலை தொங்கிக் கிடந்தன. முந்தின நாள் வாட்டமாகத் தெரிந்த இலைகள் இப்போது விரல் பட்டதும் உதிர்ந்தன. பின்மூலையில் இருந்த இரண்டு தொட்டிகளில் மட்டும்தான் பச்சை மிச்சமிருந்தது.

அது சிறுவாச்சூர் தாண்டி நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் ஒரு தனியார் வேளாண் கல்லூரி. உடையார்பாளையத்துப் பெண்ணான கீதாஞ்சலி அங்கே ஆராய்ச்சி மாணவி. இமயமலையின் செங்குத்துச் சரிவுகளில், பாறையும் சரளையும் கலந்த காட்டு மண்ணில் வளரும் ஒரு குறுஞ்செடிதான் அவள் ஆராய்ச்சி. விதையை அவளே ஏறிப்போய்ப் பொறுக்கி வந்தாள். பெரம்பலூர் வெயிலுக்கு நடுவே ஏசி அறையில், கல்லும் சரளையும் இலைமக்கும் கலந்து அந்தச் சரிவு மண்ணை அவளே உண்டாக்கினாள். மூன்று வருடம். போன மாதம்தான் முதல் மொட்டுகள் தென்பட்டன.

பூட்டு உடைபடவில்லை. கதவோரம் ஒரு களைக்கொல்லி டப்பா கிடந்தது. யார் செய்தது என்று முடிவு கட்டக் கல்லூரிக்கு அது போதுமானதாக இருந்தது.

எட்டரை மணிக்கு எஸ்.ஐ. பூங்குழலி ஜீப்பிலிருந்து இறங்கியபோது, தோட்ட வேலை செய்யும் வெள்ளைச்சாமியைக் கேட்டுக்குப் பக்கத்து மின்கம்பத்தில் கட்டி வைத்திருந்தார்கள். உதடு கிழிந்து ரத்தம் உறைந்திருந்தது. வகுப்புக்குப் போகிற பிள்ளைகள் நின்று நின்று படம் எடுத்தார்கள்.

"யாரு கட்டுனது?" என்றாள் பூங்குழலி.

கேட்டில் நின்ற இரண்டு செக்யூரிட்டிகள் லத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்கள்.

"அவுத்து விடுங்க. அப்புறம் ரெண்டு பேரும் உங்க பேரு, விலாசம் சொல்லுங்க."

பேராசிரியர் அய்யம்பெருமாள் வேகமாக வந்தார். கீதாஞ்சலியின் ஆராய்ச்சிக்கு வழிகாட்டி அவர்தான். "வெஷம் வச்சவன விட்டுட்டு என் ஆளுங்களப் புடிக்கிறீங்களா? இது காலேஜு மேடம், உங்க ஸ்டேஷன் இல்ல."

"வெஷம்னு யாரு சார் சொன்னது?"

"கண்ணு இல்லையா உங்களுக்கு? டப்பா கெடக்குது. சாவி என் ரூம் ஆணியிலதான் தொங்குது, யாரு வேணா எடுக்கலாம். ரெண்டு வாரத்துக்கு முன்னாடி இவன் அந்தப் பொண்ணுகிட்ட 'செடியெல்லாம் பட்டுப்போகும் பாரு'ன்னு கத்தியிருக்கான். இன்னும் என்ன வேணும்?"

குளிர் அறைக்குப் பின்னால் யாரோ மண்வெட்டி போடும் சத்தம் கேட்டது. பூங்குழலி சுற்றிப் போய்ப் பார்த்தாள். இடுப்பளவு குழி. மேட்டில் நின்று வேலை வாங்கிக்கொண்டிருந்தான் முத்தமிழ்செல்வன். அதே பேராசிரியரிடம் நான்கு வருடமாக ஆராய்ச்சி செய்பவன்.

"எதுக்கு இந்தக் குழி?"

"வெஷம் பட்ட மண்ணு மேடம். மத்த செடிக்கும் ஆபத்து. தொட்டியோட புதைச்சிட்டா நல்லது."

"நான் சொல்ற வரைக்கும் ஒரு தொட்டியும் நகரக்கூடாது. நேத்து நீங்க எங்க இருந்தீங்க?"

"மூணு வாரமா கோயமுத்தூர்ல பயிற்சி. நேத்து ராத்திரிதான் பஸ்ல வந்து எறங்கினேன். டிக்கெட் காட்டட்டுங்களா?"

"வேண்டாம்."

வாட்ச்மேன் அறையில் வெள்ளைச்சாமிக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தாள்.

"நேத்து அந்தப் பக்கம் என்ன வேலை?"

"பாதையோரம் பார்த்தீனியக் களைக்கு மருந்து அடிச்சேங்க. ஆபீஸ்லதான் அடிக்கச் சொன்னாங்க. டப்பாவ அங்கயே மறந்து வச்சிட்டேன்."

"உள்ள போனீங்களா?"

"உள்ள போயி ரெண்டு வாரமாச்சுங்க. வரக்கூடாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லிடுச்சு."

"எதனால?"

"தண்ணி ஊத்தலன்னு சொல்லிச்சு. ஊத்துனேங்க. என் புள்ளைங்க மேல சத்தியமா ஊத்துனேன். அத்தன பேரு முன்னால பொய்யின்னு சொன்னதும் எனக்கும் கோவம் வந்து கத்திப்புட்டேன்."

கீதாஞ்சலி குளிர் அறை வாசலில் கை கட்டி நின்றிருந்தாள். அழுது முடித்த முகம். பூங்குழலியைப் பார்த்ததும் அது இறுகியது.

"அந்தாள வீட்டுக்கு அனுப்பிட்டீங்களா?"

"இல்ல. அவரு தண்ணி ஊத்தலன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தொட்டிக்கு அடியில தட்டு இருக்குல்ல மேடம். இது சரளை மண்ணு. ஊத்துனா தண்ணி நிக்கவே நிக்காது, இறங்கித் தட்டுக்கு வந்துரும். தட்டெல்லாம் காஞ்சு கெடந்துச்சு. அப்ப ஊத்தலன்னுதானே அர்த்தம்?"

"அதுக்கப்புறம் யாரு ஊத்துனது?"

"நான்தான்."

"தட்டைப் பார்த்தீங்களா?"

கீதாஞ்சலி கொஞ்சம் யோசித்தாள். "தட்டு கழுவுறது அவரு வேலை. நான் ஊத்திட்டுப் போயிருவேன்."

"இலை எப்ப மஞ்சளாச்சு?"

"அது... பத்து நாளைக்கு மேல இருக்கும். ஏசி கோளாறுன்னு நெனச்சேன். ஆனா அது வேற மேடம். இப்பிடி மொத்தமாச் சாவுறது வேற."

பூங்குழலி உள்ளே போனாள். குளிர் எலும்பில் இறங்கியது. குனிந்து வரிசையாகத் தட்டுகளைப் பார்த்தாள். முன் வரிசைத் தட்டுகளில் தூசி படிந்திருந்தது. மூலையில் இருந்த இரண்டு தட்டுகளில் மட்டும் பழுப்பு நீர் தேங்கி நின்றது. கூட வந்த ஏட்டு பெரியசாமியை மூலைத் தொட்டி ஒன்றைத் தூக்கச் சொன்னாள். சுலபமாகத் தூக்கினார். முன் வரிசைத் தொட்டிக்கு வந்தபோது இரண்டு கையும் கொடுத்து மூச்சுப் பிடிக்க வேண்டியிருந்தது.

"ஒரே அளவு தொட்டிதானங்கம்மா?" என்றார் அவர்.

பூங்குழலி சோதிக்கச் சொன்ன இலைக்கும் மண்ணுக்கும் மதியம் கல்லூரியின் சொந்த ஆய்வகத்திலேயே முடிவு வந்தது. இலையிலும் மேல் மண்ணிலும் களைக்கொல்லி இல்லை.

"வேற வெஷமா இருக்கும்" என்றார் பேராசிரியர்.

"இருக்கலாம் சார். கீதாஞ்சலி, செடிக்குக் கடைசியா தொட்டி மாத்துனது எப்ப?"

"மூணு வாரம் இருக்கும். அக்கா கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். நான் கலந்து வச்ச மண்ண வச்சு முத்தமிழ்தான் மாத்திக் குடுத்தாரு. மறுநாள் அவரு கோயமுத்தூர் கெளம்பிட்டாரு."

"மூலையில இருக்கிற ரெண்டும்?"

"அது படம் எடுக்க டிபார்ட்மெண்ட்ல பூட்டி வச்சிருந்தேன். திரும்பி வந்து நானே மாத்தினேன்."

மூன்று மணிக்கு எல்லாரையும் குளிர் அறைக்குள் வரச் சொன்னாள் பூங்குழலி. வெள்ளைச்சாமியும் வந்து கதவோரம் நின்றார். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை.

ஒரு குவளைத் தண்ணீரை மூலைத் தொட்டியில் ஊற்றினாள். ஊற்றி முடிப்பதற்குள் தட்டில் சலசலவென்று இறங்கியது. இன்னொரு குவளையை முன் வரிசைத் தொட்டியில் ஊற்றினாள். எல்லாரும் தட்டையே பார்த்தார்கள். ஒரு சொட்டு வரவில்லை.

"பெரியசாமி, கவுத்துங்க."

விரித்திருந்த சாக்கில் தொட்டி கவிழ்ந்தது. மேலே ஒரு சாண் சரளை. அதற்குக் கீழே, களிபோல் குழைந்த கறுப்பு மண். அடித்துளையில் அதே மண் உருட்டி அடைக்கப்பட்டிருந்தது. வேர்கள் பழுப்பாகி நாறின. கீதாஞ்சலி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கரிசல்" என்றாள் பூங்குழலி. "நம்ம ஊரு பருத்திக் காட்டு மண்ணு. தண்ணியக் குடிச்சா விடாது. இந்தச் செடிக்கு வெஷமே தேவையில்ல. அடியில தண்ணி நின்னாலே வேரு மூச்சு முட்டி அழுகிரும். வெள்ளைச்சாமி தண்ணி ஊத்துனாரு. அது தட்டுக்கு எறங்கல. காஞ்ச தட்டப் பார்த்து ஊத்தலன்னு முடிவு பண்ணிட்டீங்க. அப்புறம் நீங்க ஊத்த ஊத்த, செடி மூழ்கிச்சு."

முத்தமிழ்செல்வன் முன்னால் வந்தான். "என்னப் பார்த்து ஏன் பேசுறீங்க? நான் மூணு வாரமா ஊர்லயே இல்ல."

"அதனாலதான் பேசுறேன். வெஷம்னா நேத்து இங்க இருந்தவன் மாட்டுவான். இது மெதுவா அழுகிச் சாகுற சாவு. ஊர்ல இல்லாதவனுக்குத்தான் இது தோது."

"நடுவுல யாராவது மண்ண மாத்தியிருக்கலாம்ல?"

"நடுவுல வந்தவன் மூலையில இருக்கிற ரெண்டையும் ஏன் விட்டான்? நீங்க தொட்டி மாத்துன அன்னிக்கு இந்த அறையில இல்லாதது அது ரெண்டு மட்டுந்தான். ராத்திரி வந்து எறங்கிட்டு, போலீசு வரதுக்குள்ள குழி வெட்டச் சொன்னது யாரு? தொட்டி கவுந்தா கரிசல் தெரிஞ்சிரும்னு யாருக்குப் பயம்?"

அவன் பேராசிரியரைப் பார்த்தான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கீதாஞ்சலிதான் மெல்லச் சொன்னாள். "அவரு ஆய்வு முடிஞ்சு அடுத்த மாசம் வாய்மொழித் தேர்வு மேடம். இந்தச் செடிய மலைக்குக் கீழ கொண்டாந்தா, எவ்வளவு குளிர் குடுத்தாலும் பூக்காதுங்கிறதுதான் அவரு முடிவு. சார் கையெழுத்துப் போட்டிருக்காரு."

"ஒரு மொட்டு!" முத்தமிழ்செல்வனின் குரல் உடைந்தது. "ஒரே ஒரு மொட்டு விரிஞ்சிருந்தா என் நாலு வருஷம் போச்சு."

"அந்த நாலு வருஷம் நீங்க வளர்த்த செடி எங்க?" என்றாள் பூங்குழலி.

அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். "முதல் மாசமே செத்துருச்சு. மிச்சத்த நானா எழுதிக்கிட்டேன்."

ஜீப்பில் அவன் ஏறினான். வெள்ளைச்சாமியை அடித்ததற்கு இரண்டு செக்யூரிட்டிகள் மீதும் தனி வழக்கு. பேராசிரியர் யாருக்கோ போன் போட்டுக்கொண்டே இருந்தார். எதிர்முனையில் யாரும் எடுக்கவில்லை.

குரும்பலூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த பாப்பாயி, புருஷனின் உதட்டைச் சேலை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். கீதாஞ்சலி அவர்கள் அருகே போனாள்.

"அண்ணே, மன்னிச்சிருங்க."

வெள்ளைச்சாமி நிமிர்ந்தார். "இங்க சொல்லாதம்மா. என்னைய அந்தக் கம்பத்துல கட்டுனாங்க. அங்க வந்து சொல்லு."

நான்கு மணி. வகுப்பு விட்டுக் கேட்டில் கூட்டம் நெரிந்தது. கீதாஞ்சலி மின்கம்பத்துக்கு அருகே நின்று ஏதோ முணுமுணுத்தாள்.

"கேக்கல" என்றாள் பாப்பாயி.

"இவரு மேல நான் சொன்னது பொய்! இவரு ஒண்ணும் பண்ணல!" என்று கத்தினாள் கீதாஞ்சலி. காலையில் படம் எடுத்த பிள்ளைகளின் கைகள் போனோடு தாழ்ந்தன.

"நாளைக்கு வேலைக்கு வருவீங்களாண்ணே?"

"வர மாட்டேன்."

பெரம்பலூர் பஸ் வந்து நின்றது. ஜன்னலோரம் உட்கார்ந்த வெள்ளைச்சாமி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பாப்பாயி மட்டும் திரும்பி, பஸ் வளைவில் மறையும்வரை, கம்பத்தடியில் நின்ற அந்தப் பெண்ணை முறைத்துக்கொண்டே போனாள்.